பச்சைச் சட்டை எந்த வீட்டுது?

"எடீ, வெளுக்குற வீட்டுப் பொண்ணு படிச்சிட்டு எந்தா காரியம்? அழுக்குத் துணிய இங்கிலீஷ்ல எண்ணுமோ?"

மிளகுக் கிடங்கு முதலாளியின் பங்களாவில், பின்பக்க வராந்தாவில் நின்றுகொண்டு காரியஸ்தர் இப்படிக் கேட்டபோது நான் நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா தலை குனிந்து சிரித்து வைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தரையில் கிடந்த படுக்கை விரிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, "ஒன், டூ, த்ரீ" என்று அவர் காதில் விழும்படி உரக்க எண்ணினேன். பன்னிரண்டுக்கு மேல் எனக்கு அப்போது தெரியாது. நல்ல வேளையாக அந்த வாரம் துணி குறைவு.

திரும்பும் வழியெல்லாம் அம்மா என்னைத் திட்டினாள். ஆனால் பஜார் ரோடு முனையில் மூட்டையைத் தோள் மாற்றும்போது, "அந்த எட்டுக்கு என்ன சொன்னே?" என்று கேட்டாள். "எய்ட்" என்றேன். "எய்ட்" என்று தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வெள்ளைக்காரப் பட்டாளத்தின் சீருடைகளைத் துவைப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் எங்கள் முன்னோர்கள். பட்டாளம் போய்விட்டது, துவைக்கும் கல்லும் நாங்களும் மிஞ்சினோம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். பகலில் பள்ளியில் மலையாளம், மாலையில் எங்கள் தெருச் சங்கத்தின் வகுப்பில் தமிழ். ஆனால் இரண்டு எழுத்துக்கும் முன்பே நான் வேறோர் எழுத்தைக் கற்றிருந்தேன். அது துணிக் குறி.

சேங்கொட்டையை ஊசியால் குத்தி, கசியும் கறுப்புப் பாலை எடுத்துத் துணியின் உள்மடிப்பில் குறி போட்டு, மேலே சுண்ணாம்பு தடவுவார்கள். பிறகு துணி கிழிந்தாலும் குறி போகாது. வைத்தியர் வீட்டுக்கு மூன்று புள்ளி. பாத்திரக்கடை வீட்டுக்கு ஒரு பெருக்கல். பங்களாவுக்குக் கட்டத்துக்குள் புள்ளி. தெருவில் உள்ள எல்லா வீடுகளையும் நான் அவர்கள் பெயரால் அல்ல, குறியால்தான் அறிந்திருந்தேன். எங்கள் துணிகளுக்கு மட்டும் குறி கிடையாது. அவை எங்கே போகப் போகின்றன? எங்கள் கொடியிலிருந்து எங்கள் பெட்டிக்குத்தானே.

இனி கால்பந்து விஷயம். எங்கள் பகுதிக்கு ஒரு டீம் இருந்தது. கிடங்குகளில் மிளகும் சுக்கும் சுமப்பவர்கள், படகு தள்ளுபவர்கள், ஒரு தையல்காரர், இப்படிப் பதினொரு பேர். தொடக்கத்தில் அவர்களுக்குச் சீருடை என்று எதுவும் இல்லை. ஆளுக்கொரு வெள்ளைச் சட்டையை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். என் அப்பா எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் போட்டுப் பச்சைச் சாயம் ஏற்றிக் கொடுத்தார். ஒரு சட்டை இலைப் பச்சை, இன்னொன்று பாசிப் பச்சை என்று வந்ததற்கு அப்பா பொறுப்பல்ல, நூல்தான் பொறுப்பு. ஊர்க்காரர்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. "பச்ச டீம்" என்றார்கள், விசிலடித்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் அந்தச் சட்டைகள் அவரவர் வீட்டிலிருந்து எங்களிடம் வரும். அவர்கள் வேறெதையும் வெளுக்கக் கொடுக்கும் வசதி இல்லாதவர்கள். அந்த ஒரு சட்டைக்காகவே அம்மா அவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு குறி உண்டாக்கி வைத்திருந்தாள். கோல் காக்கிறவர் வீட்டுக்கு இரண்டு கோடும் நடுவே ஒரு புள்ளியும். அவரை எல்லோரும் கோலிச் சேட்டன் என்பார்கள். மிளகு மூட்டையைப் பிடித்துப் பழகிய கை. பந்து அதற்குள் போனால் திரும்பி வராது.

முதலாளி எங்கிருந்து வந்தார் என்றால், டீமுக்கு நல்ல பந்து வேண்டியிருந்தது. அவர் பந்து வாங்கிக் கொடுத்தார். பிறகு பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார். எல்லோரும் மாலை போட்டு, லட்டு தின்று, "இனி டீம் முதலாளியுடையது" என்று அவர்களே கைதட்டிச் சொன்னார்கள். அப்படிச் சொன்னதை அவர் மட்டும் மறக்கவில்லை.

முதலில் கோலிச் சேட்டனை உட்கார வைத்துவிட்டுத் தன் தங்கை மகனை நிறுத்தினார். அந்த மருமகன் நல்ல பையன்தான், பந்து அருகில் வந்தால் கண்ணை மூடிக்கொள்வான் என்பதைத் தவிர. அடுத்து அவர் கண் பச்சையின் மேல் விழுந்தது. முதலாளி அப்போது புதிதாக ஒரு சோப்புக் கம்பெனி தொடங்கியிருந்தார். மஞ்சள் நிறத்தில் செங்கல் போன்ற சோப்பு. நாங்கள் வெளுக்கும் துறையில் அதை ஒரு முறை உபயோகித்துவிட்டு அம்மா, "நுரைக்க மாட்டேங்குது, ஆனா கதவுக்கு முட்டுக் குடுக்க நல்லாருக்கு" என்று சொல்லியிருந்தாள். டீம் இனி சோப்பு நிறத்தில் ஆடும், முதுகில் சோப்பின் பெயர் இருக்கும் என்று உத்தரவு வந்தது. ஓர் ஆட்டம் முடிந்ததும், அவருடைய ஆட்கள் மைதானத்திலேயே எல்லோருடைய பச்சைச் சட்டைகளையும் கழற்றி வாங்கி ஒரே மூட்டையாகக் கட்டி எங்களிடம் கொண்டுவந்து போட்டார்கள்.

"வெளுத்துட்டு சோப்புக் கம்பெனிக்குக் கொண்டு போகணும்" என்றார் காரியஸ்தர். "மெஷின் துடைக்கக் கீறிப் போடும்."

"கீறுற துணிக்கு வெளுப்பு எதுக்கு, ஐயா?" என்று அம்மா கேட்டாள்.

"வேர்வை நாத்தம் சோப்புல ஏறுமே!"

அம்மா மூட்டையை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

ஊர் கொதித்துப்போனது. சாயாக்கடையில் அன்று மாலை நின்ற கூட்டத்தை நான் மாமாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து பார்த்தேன். மாமா அம்மாவின் தம்பி. துணி மூட்டை கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. பச்சை டீமுக்காகத் தொண்டை கட்டுவது அவர் வாழ்க்கை. இனி ஆட்டத்துக்கே போகக் கூடாது என்றார் ஒருவர். கல்லெறிய வேண்டும் என்றார் இன்னொருவர். சாயாக்கடைச் சேட்டன் இரண்டு கிளாசுக்கு நடுவே சாயாவை உயர இழுத்து ஆற்றியபடி சொன்னார்: "போகாம இருந்தா அந்த முதலாளிக்குச் சுகம். கல்லெறிஞ்சா போலீசுக்குச் சுகம். போகணும். போயி முதுகு காட்டி இருக்கணும்."

அப்படியே செய்தார்கள். மஞ்சள் சட்டையின் முதல் ஆட்டத்துக்கு முன்பு பஜார் ரோடு நெடுக ஊர்வலம் போனது. "பச்ச நம்முடேதா! பச்ச நம்முடேதா!" என்ற கோஷம் கிடங்குச் சுவர்களில் பட்டுத் திரும்பியது. மைதானத்துக்குள் நுழைந்ததும் கோஷம் நின்றது. எல்லோரும் எல்லைக்கோட்டைச் சுற்றி, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி நின்றார்கள். நூற்றுக்கணக்கான முதுகுகள், ஒரு சத்தமும் இல்லை. பந்தை உதைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. முதலாளி நாற்காலியில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அவர் தினமும் பார்க்கிற முதுகுகள்தான் அவை. மூட்டை ஏற்றிக்கொண்டு கிடங்குக்குள் போகிற முதுகுகள். ஆனாலும் அன்று அவருக்கு அவற்றைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆட்டம் முடியும் முன்பே எழுந்து போய்விட்டார்.

மறுநாள் மஞ்சள் சட்டைகள் எங்கள் துறைக்கு வந்தன. பின்னாலேயே ஊரும் வந்தது.

"அக்கா, இத வெள்ளாவில வச்சிட்டு மறந்துடு. கருகிப் போவட்டும்" என்றார் மாமா.

"உன் சோறும் அங்கதான் வேகுது. அதையும் மறந்துடட்டா?" என்றாள் அம்மா.

"கிழிச்சாவது போடு. உன் கல்லு கிழிச்சதுன்னு சொல்லு."

"கைக்கு வந்த துணி கெட்டுத் திரும்பக் கூடாதுடா. அது எவன் துணியா இருந்தா என்ன? இன்னிக்கு இவன் துணியக் கிழிச்சா நாளைக்கு வைத்தியரு வேட்டிய யாரு என்ன நம்பிக் குடுப்பா?"

சாயாக்கடைச் சேட்டன் அப்பாவைப் பார்த்தார். "நிங்ஙளாவது சொல்லுங்க."

அப்பா கல்லின் மேல் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். அவர் அதிகம் பேசமாட்டார். "துணி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, "பங்களா வெளுப்பு போச்சுன்னா…" என்று தொடங்கி, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அம்மா அதை முடித்தாள். "ஜூன்ல இவ கல்லுக்கு வந்துருவா. அவ்வளவுதான்."

ஐந்தாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போக வேண்டும். புத்தகம், சீருடை எல்லாம் பங்களாத் துணியை நம்பித்தான் இருந்தன. அன்று அங்கிருந்தவர்களில் முதலாளி பக்கம் இருந்த ஒரே ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும். பச்சை எனக்கும் பிடிக்கும். ஆனால் எனக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். யாராவது சத்தமாக ஏதாவது சொன்னால் அது பங்களாவுக்குக் கேட்டுவிடுமோ என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள். அம்மா மஞ்சள் சட்டைகளை வெளுத்து, கஞ்சி போட்டு, முறுக்கிய கயிற்றில் செருகி உலர்த்தி, சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தாள். புதிதாக வாங்கியபோதுகூட அவை அவ்வளவு அழகாக இருந்திருக்காது. மாமா அவற்றைப் பங்களாவில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, அன்று முழுக்க அம்மாவிடம் பேசவில்லை.

அந்தச் சனிக்கிழமை பள்ளி இல்லை. மறுநாள் எதிர்க்கரைத் தீவிலிருந்து வரும் துறைமுக டீமோடு பெரிய ஆட்டம். அம்மா பச்சைச் சட்டைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து, தனித்தனியாக மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். கிழித்துப் போடப் போகிற துணிக்கு இத்தனை மடிப்பா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

"மோளே, இதெல்லாம் கொண்டு போய்க் குடுத்துட்டு வா."

"சோப்புக் கம்பெனி ரொம்ப தூரமாச்சே, அம்மா. மாமா சைக்கிள்ல போகட்டுமே."

"குறிய வாசி. எந்த வீட்டுக் குறியோ அந்த வீட்டுல குடு."

"காரியஸ்தர் கம்பெனிக்குன்னுல்ல சொன்னாரு?"

அம்மா இஸ்திரிப் பெட்டியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "படிச்சவதானே நீ? வாசிக்கத் தெரியுமா, தெரியாதா?"

வாசிக்கத் தெரியாது என்று நான் எப்படிச் சொல்வேன்? சட்டைகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டு கிளம்பினேன். அம்மா மறந்துபோய்விட்டாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேலை மிகுதியில் பழைய வழக்கப்படி சொல்லிவிட்டாள். மாலையில் ஞாபகம் வந்து தலையில் அடித்துக்கொள்வாள். பங்களா வெளுப்பு போய்விடும். ஜூனில் நான் கல்லுக்கு. ஒவ்வொரு வாசலிலும் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். ஆனால் கழுத்துப் பட்டைக்குள் குறி கறுப்பாக, தெளிவாக இருந்தது. அதைப் படித்த பிறகு வேறு வீட்டில் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

கோலிச் சேட்டனின் வீடு கடைசி. அவர் வேலை கேட்டு அலைந்து களைத்து வந்து, வாசற்படியில் உட்கார்ந்து கப்பைக்கிழங்கும் மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோலிலிருந்து நீக்கியதோடு முதலாளி அவரைக் கிடங்கு வேலையிலிருந்தும் நிறுத்தியிருந்தார். சட்டையைப் பார்த்ததும் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். வாங்கவில்லை.

"இது யாரு தந்து விட்டது?"

"அம்மா."

"எந்தா பறஞ்சு?"

"குறி எந்த வீடோ அங்க குடுன்னாங்க."

அவர் ஈரக் கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துவிட்டுச் சட்டையை வாங்கி, பட்டையைப் பிரித்து, அந்த இரண்டு கோடுகளையும் நடுப் புள்ளியையும் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அந்த அக்கா வெளியே வந்து, என் கூடையில் ஒரு துண்டு வெல்லம் வைத்தாள். வீடு தவறிப் போன துணிக்கு எதற்கு வெல்லம் என்று யோசித்தபடி அதைத் தின்றுகொண்டே வந்தேன்.

மறுநாள் மைதானத்தில் மறுபடி முதுகுகள். போன தடவையைவிட அதிகம்; பள்ளுருத்தியிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். மாமாவும் ஆட்டத்துக்கு முதுகு காட்டி, சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். நான் கேரியரில் ஏறி, அவர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியவர்களின் தீர்மானம் பிள்ளைகளைக் கட்டுப்படுத்துமா என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அதனால் நான் மைதானத்தைப் பார்த்துதான் நின்றேன்.

ஓலைக் கொட்டகையிலிருந்து ஆட்டக்காரர்கள் வெளியே வந்தார்கள். முதலில் வந்தவர் கோலிச் சேட்டன். அவர் பின்னால் மற்றவர்கள். இலைப் பச்சை, பாசிப் பச்சை, வெளிறிய பச்சை. மஞ்சள் சட்டைகள் கொட்டகை பெஞ்சின் மேல், நாங்கள் போட்ட மடிப்புக்கூடக் கலையாமல் இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். மருமகன் பூட்சைக் கழற்றிவிட்டு நிம்மதியாக வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான்.

நூற்றுக்கணக்கானவர்கள் எதற்காகப் போராடினார்களோ அது அவர்கள் முதுகுக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தது. ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் விறைப்பாக எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா! பச்சை!"

"சும்மா இருடீ. திரும்பக் கூடாது."

"மாமா, பச்சை! கோலிச் சேட்டன்!"

என் குரல் அந்த அமைதியில் எங்கும் கேட்டிருக்க வேண்டும். மாமா திரும்பினார். திரும்பிய வேகத்தில் சைக்கிளை விட்டுவிட்டார். நான் கீழே விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். எழுந்து நின்றபோது எல்லோரும் திரும்பியிருந்தார்கள். அதன் பிறகு எழுந்த சத்தம் மாதிரி ஒன்றை நான் இன்றுவரை கேட்டதில்லை. காக்கைகள் மரத்திலிருந்து பறந்துபோயின. சாயாக்கடைச் சேட்டன், "என்டே கோலியே!" என்று சொல்லி அழுதார். முதலாளி எழுந்து நின்று கையை ஆட்டி ஏதோ சொன்னார். அவர் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. அந்தச் சத்தத்துக்கு எதிரே ஆட்டத்தை நிறுத்துங்கள் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். துறைமுக டீம் நன்றாக ஆடியது. தோற்ற டீமைப் படகு ஜெட்டி வரை தோளில் தூக்கிக்கொண்டு போன ஊர்வலத்தைப் பார்த்து, ஜெயித்தவர்கள் குழம்பிப்போய்ப் படகேறினார்கள்.

மாலையில் காரியஸ்தர் வந்தார். "ஆரு சொல்லீட்டு அந்தச் சட்டையக் குடுத்தே?"

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "தெத்திப் போச்சு, ஐயா, தப்பாப் போச்சு. எழுத்துப் படிக்காத சனம். குறியப் பாத்துப் பாத்துக் குடுத்தே பழக்கம். சின்னப் புள்ள கையில வேற குடுத்து விட்டுட்டேன். தெத்திப் போச்சு."

அப்பா பீடியை அணைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். எனக்கோ, நான்தான் சொன்னேனே, நான்தான் நினைவுபடுத்தினேனே என்று கத்த வேண்டும் போலிருந்தது. அம்மாவின் மறதிக்காகவும், அவள் தன்னைப் படிக்காத சனம் என்று சொல்லிக்கொண்டதற்காகவும் அன்று எனக்கு அவமானமாக இருந்தது. நான் நன்றாகப் படித்து எதையும் மறக்காதவளாக ஆக வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

பங்களா வெளுப்பு நின்றது. ஜூன் வந்தது. அதற்குள் வேறொன்றும் நடந்திருந்தது. கோலிச் சேட்டனின் வீட்டிலிருந்து ஒரு வேட்டி வந்தது. பிறகு தையல்காரர் வீட்டிலிருந்து இரண்டு சட்டை. தங்கள் துணியைத் தாங்களே அடித்துத் துவைத்துக்கொண்டிருந்த வீடுகள், வாரத்துக்கு ஒன்றிரண்டு என்று எங்கள் துறைக்கு அனுப்பத் தொடங்கின. டீமுக்காக உண்டாக்கிய குறிகள் வேட்டிகளிலும் சேலைகளிலும் ஏறின. பிறகு டீமோடு சம்பந்தமில்லாத வீடுகளும் வந்தன. அம்மா புதிய குறிகளைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நான் ஐந்தாம் வகுப்புக்குப் போனேன். முதலாளியும் அந்த வருஷத்தோடு பந்தை மறந்து சோப்பைக் கவனிக்கப் போய்விட்டார். மஞ்சள் சட்டைகள் மெஷின் துடைக்கப் பயன்பட்டதாகக் கேள்வி. பங்களாக்காரர்கள் சில மாதம் தங்கள் சோப்பிலேயே துவைத்துப் பார்த்துவிட்டு, வெள்ளை வேட்டியெல்லாம் மஞ்சளாகிப் போனதும், பழையபடி மூட்டையைப் பின்பக்க வராந்தாவில் வைத்தார்கள். அம்மா ஒன்றுமே நடக்காதது போல எண்ணி எடுத்துக்கொண்டாள்.

பத்தாம் வகுப்புத் தேறிய பிறகு எனக்குத் திருச்சூரில் ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. கிளம்புவதற்கு முந்திய நாள் அம்மா என் புதுச் சேலைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சேங்கொட்டையும் சுண்ணாம்பும்.

"நம்ம துணிக்கு எதுக்கம்மா குறி?"

"இனி வேற ஒருத்தி வெளுக்கப் போறா. மாறிப் போயிடக் கூடாதில்ல?"

அவள் ஊசியை நனைத்துக் குனிந்தாள். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் நினைவில், எங்கள் தெருவின் நினைவில், அம்மாவின் கையிலிருந்து ஒரு கைக்குட்டைகூட வீடு மாறிப் போனதில்லை. இத்தனை வருஷங்களாக அது என் கண்ணெதிரே இருந்திருக்கிறது.

"அம்மா, அந்தப் பச்சைச் சட்டை…"

"எது?" என்றாள். "சுண்ணாம்ப இப்படித் தள்ளு."

சிரிப்பை அடக்குகிறாள் என்று அவள் தோளைப் பார்த்ததும் தெரிந்தது.

போன வாரம் மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகேறி, எர்ணாகுளத்தில் ரயில் பிடித்துத் திருச்சூர் வந்து சேர்ந்தேன். நேற்று விடுதியின் பின்பக்கம் வெளுக்கும் அம்மாள் ஒருவர் துணி எடுக்க வந்தார். என் துணிகளை நானே எண்ணிக் கொடுத்தேன். அவர் ஒரு சேலையின் முனையைத் திருப்பி, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இந்தக் குறிய நான் எங்கயும் கண்டதில்லையே, மோளே. இது எந்த வீட்டுது?"

"புது வீடு" என்றேன். "இப்பதான் போட்டது."